மருந்து பட்ட மண்ணில் பாசிப்பயறு

களை வெட்டும் பெண்கள் எல்லோரும் திருப்பூர் பனியன் கம்பெனி வேனில் ஏறிவிட்ட வருஷம்தான் ஆறுச்சாமி களைக்கொல்லி வாங்கினார். அவர் மனைவி மருதாளும் அதே வேனில்தான் போய்க்கொண்டிருந்தாள். அதனால் அவளால் வாய் திறக்க முடியவில்லை.

வைகாசியில் சோளத்துக்கு அடித்தார். டப்பாவில் போட்டிருந்த அளவு பயந்தாங்கொள்ளிகளுக்கானது என்று முடிவு செய்து இரண்டு பங்கு கலந்தார். களை செத்தது. சோளம் நன்றாகவே வந்தது.

புரட்டாசியில் அதே காட்டில் பாசிப்பயறு விதைத்தார்கள். முளைத்த கையோடு இலை ஓரம் வெளுத்துக் காய ஆரம்பித்தது.

"மழை பத்தல," என்றார் ஆறுச்சாமி. மழையில் நனைந்துகொண்டுதான் சொன்னார்.

மருதாள் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, பிடுங்கிய செடிகளைப் பனியன் துணியில் சுற்றிக்கொண்டு காங்கேயம் வேளாண்மை டிப்போவுக்குப் போனாள். அங்கே இருந்த அலுவலர் கமலாம்பாள் வேரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முன்னால போட்ட மருந்து மண்ணுல நின்னுபோச்சுங்க. வேர்ல ஒரு முடிச்சுகூட இல்ல பாருங்க. முடிச்சு இருந்து, உள்ள செவப்பா இருந்தாத்தான் செடிக்குச் சத்து ஏறும்." உள்ளே போய் ஒரு கறுப்புப் பொட்டலம் கொண்டுவந்தார். "இதுல இருக்கறது நுண்ணுயிருங்க. களைக்கொல்லி பட்ட மண்ணுலயே பொழச்சுக் கெடந்த ரகம். சோதனைக்குக் குடுத்திருக்காங்க. ஆறுன கஞ்சில கலந்து வெதைல பெரட்டி, நெழல்ல ஒணத்தி வெதைங்க. மருந்தை முழுசா எடுத்துருமுன்னு நான் சொல்லமாட்டனுங்க. செடி தாங்கும்."

வீட்டில் ஆறுச்சாமி பொட்டலத்தை முகர்ந்து பார்த்தார். "களையக் கொல்ல ஒரு மருந்து, அதைத் தாங்க ஒரு கிருமி. நாளைக்குக் கிருமிக்குச் சோறு யாரு போடறது?"

"அதுதான் செடிக்குச் சத்துப் போடுமாமுங்க," என்றாள் மருதாள்.

அவர் கொதிக்கக் கொதிக்கக் கஞ்சியை ஊற்றப் போனார். மருதாள் குண்டாவைப் பிடுங்கி வைத்து, ஆறும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஐப்பசியில் மறுபடி விதைத்தார்கள். ஆனால் பாதிக் காட்டுக்கு அவர் பிடிவாதமாக வெறும் விதையையே போட்டார். யார் சொன்னது சரி என்று தெரிய வேண்டுமாம்.

தினமும் வேன் அந்தக் காட்டோரமாகத்தான் போனது. கொஞ்ச நாளில் காட்டின் நடுவே ஒரு கோடு தெரிந்தது. இந்தப் பக்கம் மஞ்சள், அந்தப் பக்கம் பச்சை. கொழுகொழுவென்ற பச்சை இல்லை. நோயில் படுத்து எழுந்தவன் மாதிரி. ஆனாலும் பச்சை. அதென்ன கோடு என்று வேனில் இருந்தவர்கள் கேட்டபோது மருதாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பு வந்துவிட்டது, கூடவே கண்ணும் கலங்கியது.

ஆறுச்சாமி இரண்டு பக்கமும் ஒவ்வொரு செடி பிடுங்கினார். பச்சைப் பக்கத்து வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள். ஒன்றை நகத்தால் நசுக்கினார். உள்ளே இளஞ்சிவப்பு.

"அக்கட்டால மண்ணு வேற ரகம்," என்றார்.

மருதாள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அது ஒரே காடு.

பச்சைப் பக்கத்தில் வழக்கமாக வருவதில் முக்கால் பங்கு பயறு வந்தது. மஞ்சள் பக்கத்தில் ஆட்டை மேய விட்டுவிட்டார்கள். மறுவருஷம் விதைப்புக்கு முன்னால் ஆறுச்சாமி சொல்லாமல் கொள்ளாமல் காங்கேயம் போய்வந்தார். மருதாள் வேலை முடிந்து வந்தபோது, இரண்டு கறுப்புப் பொட்டலங்களைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"ஏம்புள்ள, இதை எங்க வெக்கோணும்?" என்று கேட்டார்.