கடைசிப் பெட்டி வராத படம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையை நான் உட்கார்ந்து யோசித்து எழுதவில்லை. புத்தகக் கட்டுகள் ஏற்றிப் போகிற என் பழைய வேனின் பின் டயர் மொட்டையாகிவிட்டது. புதுசு வாங்க மனசு வரவில்லை. தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டித் தருகிற ரீட்ரெட் கடை ஒன்று பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருப்பதாக யாரோ சொல்ல, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டயரை உருட்டிக்கொண்டு போனேன். உள்ளே குடுமிப்பிடிச் சண்டை. ஏதோ சொத்துத் தகராறு என்று நினைத்து வாசலிலேயே நின்றுவிட்டேன். கொஞ்ச நேரம் காது கொடுத்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அவர்கள் சின்ன வயதில் பார்த்த ஒரு கௌபாய் படத்தை யாரோ சினிமாக்காரர்கள் திரும்ப எடுக்கப் போகிறார்களாம். எடுக்கலாமா, கூடாதா? இதுதான் வழக்கு.

"சார், நீங்க படிச்சவர் மாதிரி இருக்கீங்க, நீங்க சொல்லுங்க" என்று என்னை உள்ளே இழுத்துப் போட்டார்கள்.

நான் அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2

எப்படித் தொடங்குவது என்று சில வரிகளை எழுதிப் பார்த்தேன். அடித்தவற்றை மறைக்காமல் இங்கேயே விடுகிறேன்.

"மாலை வெயில் டயர்க் குவியலின் மேல் பொன்னாகப் படர்ந்த..." வேண்டாம். அந்தக் கடைக்குள் வெயிலே வராது. தகரக் கூரை, தரையெல்லாம் ரப்பர் தூள், மூலையில் டயர்களை வேகவைக்கிற பெரிய இரும்பு அடுப்பு. இதில் பொன்னாவது ஒன்றாவது.

"ஷெரீஃப் தன் எதிரியை நேருக்கு நேர் பார்த்தார்." இது ஜோராகத்தான் இருக்கிறது. ஆனால் எதிரி அவருடைய மச்சினன். இருவரும் ஒரே டீயைப் பாதிப் பாதியாக ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

"தெருமுனை வரை போன தம்பி அங்கே நின்று..." ஐயையோ, இதை இப்போதே சொல்லக் கூடாது. மன்னிக்கவும். படிக்காத மாதிரி மேலே வாருங்கள்.

3

கடைக்காரரை எல்லோரும் ஷெரீஃப் என்றுதான் கூப்பிடுகிறார்கள். இடுப்பில் துப்பாக்கிக்குப் பதிலாகக் காற்று அளக்கிற மீட்டர் தொங்கும். நடை மட்டும் அசல் கௌபாய் நடை. மூட்டு வலியால் வந்த நடை அது என்று அவர் மனைவி சொல்கிறார், அவர் ஒப்புக்கொள்வதில்லை. அந்த அம்மாதான் கடையின் முன்பக்கத்தைக் கவனிக்கிறவர். வந்த டயரை எடுக்கலாமா, திருப்பி அனுப்பலாமா என்பது அவர் வாக்கு. அவருடைய தம்பி, அதாவது மச்சினன், செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். நாலாவது ஆள் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். எதைச் சொன்னாலும் காலை பிரேக்கில் வைத்துக்கொண்டே சொல்கிற மனிதர்.

கடை நடுவில் ஒரு பெரிய லாரி டயர் படுத்துக் கிடக்கிறது. அதற்குப் பேர் குதிரை. பேச நினைக்கிறவர் அதன் மேல் ஏறி உட்கார வேண்டும், மற்றவர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இன்னொரு சட்டமும் உண்டு. குதிரை மேல் இருக்கிறவன் பொய் சொல்லக் கூடாது. பொய் சொல்லியே ஆக வேண்டும் என்றால் இறங்கிச் சொல்லலாம், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

(கதாசிரியர்களுக்கும் இப்படி ஒரு டயர் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு, நல்லவேளை இல்லை என்றும்.)

4

விவாதத்தை அப்படியே தருகிறேன்.

மச்சினன் குதிரை மேல்: "மாமா, அந்தப் படத்தை இன்னைக்கு எவன் பார்ப்பான்? ஒரே கீறலு. குதிரை ஓடினா தகர டப்பா உருளற சத்தம். புதுசா எடுத்தாத்தானே இப்ப இருக்கற பசங்களுக்குத் தெரியும்?"

ஷெரீஃப் குதிரை மேல்: "மாப்ளே, டயர் தொழில்ல இருக்கறவன் சொல்றேன் கேளு. நல்லா ஓடிட்டிருக்கற டயரை எவனாவது சுரண்டி ரீட்ரெட் பண்ணுவானா? அந்தப் படம் இன்னும் ஓடிட்டிருக்குடா."

"எங்க ஓடுது?"

"இங்க" என்று நெஞ்சைத் தொட்டார்.

"சும்மா டயலாக் விடாதீங்க மாமா. பழசுக்குப் புது ரப்பர் ஒட்டியே வயித்தைக் கழுவற ஆளு, புதுசா எடுக்கக் கூடாதுன்னா எப்படி?"

ஷெரீஃபின் மூக்கு உடைந்தது. அந்த அம்மா சிரிப்பை அடக்க டயருக்குள் தலையை விட்டு எதையோ தேடுகிற மாதிரி நடித்தார்.

வாத்தியார் குதிரை மேல்: "படத்தோட உயிரே அந்த முடிவுதான். வில்லனைத் தீர்த்துட்டு ஹீரோ மலை உச்சிக்குப் போறான். கடிவாளத்தை இழுக்கறான். குதிரை பாதி திரும்புது. அவ்வளவுதான், லைட்டைப் போட்டுட்டான். வர்றானா, போறானா? யாருக்கும் தெரியாது. அதுதான் கலை. இவனுங்க எடுத்தா எல்லாத்தையும் விளக்கிச் சொல்லிக் கெடுத்துடுவானுங்க."

அந்தப் பாதித் திரும்பலைப் பற்றித்தான் இவர்கள் காலமெல்லாம் பேசியிருக்கிறார்கள். அரைத்த மாவையே அரைப்பது என்பார்களே, அந்த மாவில் இவர்களுக்கு இன்னும் ருசி இருந்தது. ஷெரீஃப் எப்போதும் ஒரே கட்சி. "வர்றான். குதிரை திரும்பிடுச்சு இல்ல? அப்ப வர்றான்."

5

இந்த வாத்தியார் கதைக்குத் தேவையா என்று எனக்குச் சந்தேகம். எடுத்துவிட்டு எழுதிப் பார்த்தேன். கதை சுருக்கமாக வந்தது, ஆனால் டீ குடிக்க ஆள் குறைந்த மாதிரி இருந்தது. திரும்பச் சேர்த்துவிட்டேன். அதுவுமில்லாமல், குட்டு உடைந்தது அவரால்தான்.

என் டயர் தயாராகிற வரை நானும் ஞாயிறுதோறும் அங்கே போய் உட்கார ஆரம்பித்திருந்தேன். ஷெரீஃப் டயர் கொடுக்க வெளியே போயிருந்த ஒரு ஞாயிறு. படம் எவ்வளவு பழசாகிவிட்டது என்று நிரூபிக்க மச்சினன் அதைப் போனில் போட்டுக் காட்டினான். உச்சி வந்தது. குதிரை பாதி திரும்பியது. நாங்கள் எழுந்து சோம்பல் முறித்தோம்.

"இருங்கப்பா, படத்துக்குக் கீழ அந்தக் கோடு இன்னும் பாக்கி இருக்கே" என்றார் வாத்தியார்.

படம் முடியவில்லை. இன்னும் ஒரு கால்வாசி நேரத்துக்குப் படம் பாக்கி இருந்தது.

நடந்தது இதுதான். அந்தக் காலத்தில் படச்சுருள் பெட்டி பெட்டியாக வரும். இவர்கள் தியேட்டருக்குக் கடைசிப் பெட்டி வந்து சேரவே இல்லை. வழியில் எங்கேயோ தொலைந்திருக்கிறது. முதலாளி மூச்சு விடாமல் இருந்ததைப் போட்டு, தீர்ந்ததும் லைட்டைப் போட்டுவிட்டார். சனங்கள் அதை உயர்ந்த ரசனை என்று நினைத்துக் கைதட்டியிருக்கிறார்கள்.

"நான் இதைக் கலைன்னு கிளாஸ்லயே சொல்லியிருக்கேனே" என்று வாத்தியார் தலையில் கை வைத்துக்கொண்டார். "கியர் மாத்தச் சொல்லிக் கொடுக்கற கிளாஸ்ல."

நாங்கள் சிரித்தோம். பிறகு மீதியைப் பார்த்தோம். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

நானும் பார்த்தேன். என்ன பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன்.

6

படம் முடிந்ததும் அந்த அம்மா போனைக் கவிழ்த்து வைத்தார்.

"அவர்கிட்ட மூச்சு விடாதீங்க" என்றார். என்னைப் பார்த்து, "உங்களுக்குத் தெரியாதில்ல" என்று தொடங்கினார்.

ஷெரீஃபுக்கு ஒரு தம்பி. அந்தப் படத்தை இரண்டு பேரும் சேர்ந்துதான் பார்த்தார்கள், கையில் காசு கிடைத்த போதெல்லாம் பார்த்தார்கள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சண்டை. தம்பி "வர்றான்" என்பான். அண்ணன் "போடா, போயே போயிட்டான்" என்பான். ஆமாம், அப்போது ஷெரீஃப் எதிர்க் கட்சி.

வளர்ந்த பிறகு தம்பிக்கு வெளியூரில் வேலை என்று யாரோ ஆசை காட்டினார்கள். பையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான். அண்ணன் வாசலில் நின்றார். தெருமுனை வரை போன தம்பி அங்கே நின்று, பாதி உடம்பைத் திருப்பி, தலையில் இல்லாத தொப்பியைத் தொட்டுக் காட்டினான். அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போடா டேய்" என்று கத்தினார்.

போனவன் போனவன்தான். தேடாத இடமில்லை, கேட்காத ஆளில்லை. எந்தத் தகவலும் இல்லை.

"அன்னையில இருந்து கட்சி மாறிட்டாரு" என்றார் அந்த அம்மா. "படத்துக்காகவா இவ்வளவு சண்டை போடறாருன்னு நினைக்கறீங்க? புதுசா எடுத்துட்டா முடிவு ஊர் பூரா தெரிஞ்சுடும். அப்புறம் அவரு எதைப் பிடிச்சுட்டு இருப்பாரு?"

மச்சினன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பழைய படத்தில் கீறல் விழுந்திருக்கிறது என்று வாய் கிழியப் பேசியவன் அவன்தான்.

7

எனக்குப் பயமாக இருந்த காட்சி இது. தள்ளித் தள்ளிப் போட்டேன். நடுவில் தியேட்டரின் மர பெஞ்சைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். அந்தச் சாக்குத் திரை, இடைவேளையில் பல்லில் ஒட்டிக்கொள்கிற மிட்டாய், பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருக்கிற தம்பியின் முழங்கை... சரி, போதும். ஷெரீஃப் காத்திருக்கிறார்.

அடுத்த ஞாயிறு. டயர் எடுக்க வந்த லாரி டிரைவர் ஒருவர் போகிற போக்கில் வாயை விட்டுவிட்டார். "அந்தப் படமா? மலை உச்சிக்கு அப்புறம்தானே அண்ணே முக்கியமான கட்டமே!"

ஷெரீஃப் கையைத் துடைத்துக்கொண்டு நேரே வந்தார். மச்சினன் அப்போது குதிரை மேல் இருந்தான்.

"மாப்ளே, போடு."

"எதை மாமா?"

"தெரியாத மாதிரி நடிக்காதே. போடு."

மச்சினன் அக்காவைப் பார்த்தான். போட்டான்.

நாங்கள் யாரும் போனைப் பார்க்கவில்லை, ஷெரீஃபைப் பார்த்தோம். உச்சி வந்தது. கடிவாளம் இழுபட்டது. அவர் உதடு மட்டும் அசைந்தது. குதிரை பாதி திரும்பியது.

மச்சினனின் கட்டைவிரல் திரையை அமுக்கியது. படம் நின்றது.

அவன் குதிரையை விட்டு இறங்கினான். கீழே இறங்கி, தரையில் இரண்டு காலையும் ஊன்றி நின்றுகொண்டு சொன்னான்:

"அவ்வளவுதான் மாமா. இதோட முடியுது. டிரைவர் வேற ஏதோ படத்தைச் சொல்றான். நாம பார்த்ததுதான் முழுப் படம்."

ஷெரீஃப் போனைப் பார்த்தார். கீழே அந்தக் கோடு இன்னும் பாக்கி இருந்தது. அவருக்குக் கண் நன்றாகவே தெரியும். டயரில் மயிரிழை விரிசலைக்கூட விடாத கண்.

"ஏன்டா இறங்கினே?"

"கால் மரத்துப் போச்சு மாமா."

அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். ஷெரீஃப் மெல்ல நடந்து போய்க் குதிரை மேல் உட்கார்ந்தார். கையைத் தொடையில் வைத்துக்கொண்டார்.

"எடுக்கட்டும்" என்றார்.

யாருக்கும் புரியவில்லை.

"புதுசா எடுக்கட்டும் மாப்ளே. நான்தான் வறட்டுப் பிடிவாதம் பிடிச்சுட்டேன். மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு, கடைசியிலதான் கிழிஞ்சிருக்கு. அதை மட்டும் பார்த்து எடுக்கட்டும்." கை இடுப்பில் தொங்கிய மீட்டரைப் பிடித்துக்கொண்டது. "இந்தத் தடவையாவது அவன் வீட்டுக்கு வந்து சேரட்டும்டா."

மச்சினன் "மாமா" என்று ஏதோ சொல்ல வந்தான். வாத்தியார் அவன் தோளைப் பிடித்து அமுக்கினார். அவர் பிரேக் போட்டதிலேயே மிகச் சரியான பிரேக் அதுதான்.

8

இங்கே நான் ஒரு முடிவு தர வேண்டும்.

ஒன்று எழுதினேன். புதுப் படம் வருகிறது. எல்லோரும் சேர்ந்து போகிறார்கள், ஹீரோ திரும்பி வருகிறான், ஷெரீஃப் கைதட்டுகிறார். படித்துப் பார்த்தேன். குதிரையை விட்டு இறங்கி எழுதினது மாதிரி இருந்தது.

இன்னொன்று. எல்லோரும் போன பிறகு ஷெரீஃப் மனைவியின் போனில் அந்த மீதியைத் தனியாகப் பார்க்கிறார். இதில் அவர் மனைவி வந்து பக்கத்தில்... இல்லை. அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

மூன்றாவதில், கடை வாசலில் யாரோ வந்து நிற்கிறார்கள். தோளில் பை. அந்த வாக்கியத்தைப் பாதியிலேயே விட்டுவிட்டேன். இப்போதும் அது "வாசலில் நிழல் விழ, ஷெரீஃப் தலையைத் தூக்கி" என்பதோடு நிற்கிறது.

டயரைத் திருப்பி வாங்கப் போனபோது, எழுதட்டுமா என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். காற்று அடித்துக்கொண்டே சொன்னார்: "தாராளமா எழுதுங்க சார். பேரு எதுவும் போட வேண்டாம். ஷெரீஃப்னு போட்டாலே அவனுக்குத் தெரிஞ்சுடும். எங்கயாவது இருந்து படிச்சா வரட்டும்."

எனவே மற்ற வாசகர்கள் என்னை மன்னிக்க வேண்டும். நீங்கள் எந்த முடிவை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. இது உங்களில் ஒரே ஒருவருக்கு.

கடை இன்னும் பஸ் டிப்போவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் இருப்பார்கள். உள்ளே வந்து, யாரிடமும் எதுவும் பேசாமல், நடுவில் கிடக்கிற அந்த லாரி டயர் மேல் ஏறி உட்காருங்கள். சட்டம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் அண்ணன் சொல்லித் தருவார்.