சுற்றிப் போகும் சாலை

இன்னும் பதினேழு மணி நேரம் இருந்தது. மறுநாள் காலை ஆறு மணிக்கு மகளை இதய அறுவை சிகிச்சைக்கு உள்ளே கொண்டுபோவார்கள். அதற்கு முன் அவள் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். தாய்க்கு வேறு எந்த நினைப்பும் இல்லை.

அடுத்த வாரம் என்று சொல்லியிருந்த மருத்துவமனை, நேற்று இரவு திடீரென்று தேதியை மாற்றிவிட்டது. அப்போது அவளும் கணவரும் மலைக்கு இந்தப் பக்கம் வீட்டு வண்டியில் ஊர் சுற்றிக்கொண்டிருந்தார்கள். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் நீள வண்டி. மகள் அதற்கு யானை என்று பெயர் வைத்திருந்தாள். கணவர் முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகும் ஸ்டியரிங்கை விட மனசில்லாமல் வாங்கியது.

சாலை மூன்றாகப் பிரியும் இடத்தில், பெட்ரோல் பங்க் ஓரமாக வண்டி நின்றது. மலையைத் தாண்டும் பேருந்து இனி மறுநாள்தான்; வாடகைக் காரும் கிடைக்கவில்லை. கணவர் வண்டிக்குள் மேசைமேல் வரைபடத்தை விரித்து, பறக்காமல் இருக்க உப்பு ஜாடியை வைத்திருந்தார்.

"சுரங்கப்பாதை ஆகாது. யானையோட உயரத்துக்கு, கூரை மேல இருக்கிற ஏசியை உரிச்சுட்டுத்தான் விடும்."

"அப்ப மலை வழி. ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் அவகிட்ட இருப்போம்."

அவர் விரல் நகம் ஆற்றோரமாக வளைந்து போனது. "ஆத்து வழி நல்ல ரோடு. சமதளம்."

"நல்ல ரோடுதான். நிக்காம ஓட்டினாலும் பதினெட்டு மணி நேரம். நாம போறதுக்குள்ள அவளுக்கு மயக்க மருந்து குடுத்திருப்பாங்க."

"மேல பனி இறங்கும்."

"வானம் துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு."

"டயரு..."

"போன மாசம்தான் மாத்தினீங்க."

அவர் வரைபடத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ஏத்தம் ஒண்ணும் பிரச்சினை இல்ல. இறக்கம்தான்."

"கியரைக் குறைச்சு வெச்சா வண்டி தானா அடங்கும், பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விடணும்னு எனக்குப் பாடம் எடுத்தது யாரு? பக்கத்து வீட்டு நாய்க்குட்டிக்குக்கூட சொல்லிக் குடுத்திருப்பீங்களே!"

"தொட்டுத் தொட்டு விடணும்," என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார்.

அவளுக்குப் பொறுமை போய்விட்டது. "அறுபது பேரை ஏத்திக்கிட்டு மலை ஏறி இறங்கினவரு, பெத்த பொண்ணுக்காக ஒரு தடவை இறங்க மாட்டேங்கறீங்க. பயமா இருக்குன்னு வாயைத் திறந்து சொல்லிடுங்க, ஒத்துக்கிறேன்."

அவர் முகம் சுண்டிப்போனது. வரைபடத்தை மடித்தார். "சரி. மலை வழியாவே போலாம்," என்று எழுந்து முகம் கழுவப் போனார்.

அவள் பரபரவென்று வேலையைப் பார்த்தாள். வளைவுகளில் எதுவும் உருளக் கூடாது. தட்டுகளுக்கு நடுவே துண்டைச் செருகினாள். குளிர்பெட்டிக்கு வார் போட்டாள். கதவருகே இருந்த அலமாரிதான் தொல்லை. அதன் கீல் திருகாணி ஒன்று விடியற்காலையில் கழன்று விழுந்திருந்தது. இருவரும் தரையில் தவழாத குறையாகத் தேடியும் கிடைக்காமல், கயிறு கட்டி ஒப்பேற்றியிருந்தார்கள். அந்தக் கயிற்றை இறுக்கிவிட்டுக் குனிந்தாள். கீழே அவருடைய ஷூக்கள். ஓட்டும்போது மட்டும் மாட்டுவார், இறங்கியதும் கழற்றிவிடுவார்.

கையில் கொடுக்கலாம் என்று வலது ஷூவை எடுத்தாள். உள்ளே ஏதோ கடகடத்தது. கவிழ்த்தாள்.

திருகாணி உள்ளங்கையில் விழுந்தது. விரல் கணு நீளம். முனையில் பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது.

விடிந்ததும் மாட்டிய ஷூ. மதியம் வரை அதோடுதான் ஓட்டினார். கடுகளவு கல் புகுந்தால்கூட நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்துகிற மனுஷன், ஒரு இடத்திலும் வண்டியை ஓரம் கட்டவில்லை. ஆனால் வழியெல்லாம் குனிந்து குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டே வந்தார். தூக்கக் கலக்கம் என்று நினைத்து அவள் இரண்டு தடவை டீ போட்டுக் கொடுத்திருந்தாள்.

துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்தவர் அவள் கையைப் பார்த்து நின்றுவிட்டார். அவரை உட்கார வைத்து வலது காலுறையை உருவினாள். கட்டைவிரலுக்குக் கீழே ஒரு துளை, சுற்றிலும் காய்ந்த ரத்தம். அதன் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாள். யாரோ ஒருத்தருடைய காலை வேடிக்கை பார்ப்பதுபோல அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

காயத்தைக் கழுவிக் கட்டுப் போட்டாள். பிறகு, "சாவியைக் குடுங்க," என்றாள்.

"உனக்கு மலை ரோடு ஓட்டிப் பழக்கமில்லையே."

"மலைக்கு யாரு போறா?"

சமதளத்தில் அவள் சில தடவை யானையை ஓட்டியிருக்கிறாள். மாட்டு வண்டியே தேவலாம் என்று அவர் சிரித்திருக்கிறார். இப்போது சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டு, பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

அவள் இருக்கையை முன்னால் நகர்த்தும்போது போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"டிரைவர் சார் எங்க? யானை மலை ஏறிடுச்சா?" மகளின் குரலில் சிரிப்பு இருந்தது. அது சற்று அதிகமாகவே இருந்தது.

"இல்லடா கண்ணு. சுத்திதான் வர்றோம். நீ கண்ணு முழிக்கும்போது அம்மா பக்கத்துல இருப்பேன்."

"அப்ப காலையில உங்களைப் பாக்க முடியாதா?"

"வண்டியில சின்னக் கோளாறும்மா. இந்தப் பிரேக்கு..." என்று அவள் ஆரம்பித்தாள்.

அவர் கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார்.

"வண்டிக்கு ஒண்ணும் இல்லம்மா," என்றார். "அப்பாவோட வலது பாதத்துல மூணு மாசமா உணர்ச்சியே இல்ல. பிரேக்கை மிதிக்கிறேனா இல்லையான்னு குனிஞ்சு பார்த்தாத்தான் எனக்குத் தெரியும்."