வலது பெட்டி குடித்த டீ

மூடிக் கிடந்த வெடிமருந்துத் தொழிற்சாலையின் கிடங்கில் இரண்டு மரப்பெட்டிகள் இருந்தன. இரண்டிலும் அந்த வளாகத்து மண்தான். சிந்தியதும் கழுவி ஊற்றியதுமாக டி.என்.டி. வெடிமருந்து பல வருஷம் ஊறி, மண் துருவின் நிறத்துக்கு வந்திருந்தது. அதில் முளைக்கப் புல்லே யோசித்தது.

இடது பெட்டிக்கு ஆய்வாளர் தன் பாக்டீரியாவையும் சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகையும் ஊற்றினாள். பாக்டீரியா அவள் அங்கிருந்த சாக்கடையிலேயே பிடித்து வளர்த்தது, டி.என்.டி.யைச் சிதைத்துத் தின்னும். வலது பெட்டிக்கு வெறும் தண்ணீர். இடதில் வெடிமருந்து குறைந்து, வலதில் அப்படியே இருந்தால் மொத்த நிலத்தையும் சுத்தம் செய்ய அவளிடம் விடுவார்கள். இல்லையென்றால் மண்ணை வாரிச் சூளையில் எரித்துவிட்டு ஆய்வகத்தையும் மூடிவிடுவார்கள்.

முடிவு வந்தது. இடதில் மருந்து கிட்டத்தட்டக் காலி. வலதிலும் கிட்டத்தட்டக் காலி.

"தண்ணி ஊத்தினாலே போயிடும்னா, நீங்க எதுக்கு மேடம்?" என்றார் திட்ட அதிகாரி.

அவள் நேரே கிடங்குக்குப் போனாள். அங்கே காவல் அவளுடைய மாமனார். ஓய்வுபெற்ற பிறகு வீட்டில் இருப்புக் கொள்ளாமல் அவராகக் கேட்டு வாங்கிய வேலை.

"மாமா, வலது பெட்டியை யாராவது தொட்டாங்களா?"

"வேற யாரும் தொடலம்மா."

"வேற யாரும்னா?"

"அதுக்குப் பாகு, இதுக்குப் பச்சைத்தண்ணி. மனசு கேக்கல. எனக்கும் ரெண்டு மருமக. என்னிக்காவது ஓரவஞ்சனை பண்ணியிருக்கேனா?"

"என்ன ஊத்துனீங்க?"

"என் டீயில பாதி. சர்க்கரை தூக்கலா."

"உங்களுக்குச் சர்க்கரையே கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே!"

"நானா குடிச்சேன்? பெட்டிதானே குடிச்சுது."

"டீ மட்டும்தானே?"

"தயிருக்கு உறை குத்துற மாதிரி, அந்தப் பெட்டியிலேருந்து ஒரு கைப்பிடி மண்ணு. ஒரே கைப்பிடிதான்."

மாமனார் ஆயிற்றே, வாயில் வந்ததை அவள் சொல்லிவிட முடியாது. வலது பெட்டியிலிருந்து கொஞ்சம் மண்ணை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனாள். சோதனைத் தட்டில் வளர விட்டபோது அவளுடைய பாக்டீரியாதான் தட்டை அடைத்துக்கொண்டு நின்றது. ஒரு கைப்பிடியில் குடியேறி, டீயைக் குடித்துக்கொண்டே பெட்டி முழுக்கக் குடும்பம் நடத்தியிருந்தது.

அறிக்கையில் டீ, சர்க்கரை, காவலாளியோடு தனக்குள்ள உறவு, எல்லாவற்றையும் எழுதினாள். அதிகாரி படித்து நிமிர்ந்தார்.

"ஒரு கைப்பிடியே போதும்னா செலவு மிச்சமாச்சே?"

"சொல்ல முடியாது சார். இந்த மண்ணுல ஏற்கெனவே இருந்த பாக்டீரியாவை டீ மட்டுமே கூட வளர்த்திருக்கலாம். மறுபடி செய்யணும். நாலு பெட்டி."

அவர் பேனாவை மூடினார். "சூளையை நிறுத்தி வைக்கிறேன். தண்ணிப் பெட்டிக்கு மட்டும் பூட்டுப் போடுங்க."

முதல் பெட்டிக்குப் பாக்டீரியாவும் பாகும். இரண்டாவதுக்குக் கைப்பிடி மண்ணும் டீயும். மூன்றாவதுக்கு டீ மட்டும். டீ ஊற்றுவது இப்போது மாமனாரின் உத்தியோகபூர்வ வேலை. அந்த டீயை அலுவலகமே வாங்கிக் கொடுத்தது. நான்காவதுக்குத் தண்ணீரும் பூட்டும். சாவியை அவள் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் மாமனார் தன் டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்து, டம்ளரை அவள் முன்னால் கவிழ்த்துக் காட்டினார்.

"பாத்துக்கம்மா. ஒரு சொட்டு இல்ல."

"சர்க்கரை?"

"போடல. நாக்கு செத்துப்போச்சு."

பிறகு காவலுக்குக் கிளம்பினார். பூட்டிய பெட்டியைத் தாண்டும்போது மட்டும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.