மூன்றாவது ஆள்

பிரெண்டாவுக்கு அந்த ஃபேஷன் பத்திரிகைக்குள் எப்படியாவது நுழைந்துவிட வேண்டும். கோலாலம்பூரில் ஃபேஷன் படிக்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் அங்கே மூன்று மாதப் பயிற்சிக்கு மனுப்போட்டிருந்தார்கள். எடுப்பதோ ஒரே ஒருவரை. அதற்கு வைத்த பரீட்சையும் லேசானதில்லை. பிரிக்பீல்ட்ஸ் தெருவில் முன்பின் தெரியாத மூன்று பேரை நிறுத்தி, அவர்கள் உடுத்தியிருப்பதைப் படமெடுத்து, அவர்கள் வாயால் சொன்னதை எழுதி, போன் நம்பரோடு கொடுக்க வேண்டும். சொந்தக்காரர், கூட்டாளி யாரும் கூடாது.

கிள்ளான் பக்கம் பண்டமாரானில் வளர்ந்த பிரெண்டாவுக்கு யாரிடமும் சட்டென்று பேச வராது. காலையிலிருந்து நின்று எப்படியோ இரண்டு பேரைப் பிடித்துவிட்டாள். மூன்றாவது ஆள்தான் வாய்க்கவில்லை. கேட்டவர்களெல்லாம் கையை ஆட்டிவிட்டு நடையைக் கட்டினார்கள். நான்கு மணிக்குக் கால் கெஞ்சியது. அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. வந்தவுடனே துரத்தியிருக்கலாம், துரத்தவில்லை.

அவளுடைய அம்மா பிலோமினா அங்கேதான் ஓர் அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலை செய்தாள். பின்வாசல் படியில் உட்கார்ந்து மைலோ குடித்துக்கொண்டிருந்தாள். மெரூன் யூனிபோம், கழுத்தில் மஞ்சள் ஸ்கார்ஃப், உதட்டில் அதே மெரூனில் லிப்ஸ்டிக்.

“தெரியாதவங்களத்தான் எடுக்கணும்மா. யார் கேட்டாலும் என்னைத் தெரியும்னு சொல்லிறாதீங்க.”

“சரி லா. என்னா பேசணும், சொல்லு.”

“வேலைக்கு எதுக்கு லிப்ஸ்டிக்னு சொல்லுங்க.”

பிலோமினா சொன்னாள். பிரெண்டா ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டாள். அதில் ஓரிடம் அவளையே சுட்டது. ஆனாலும் நல்ல வரியாயிற்றே, அடிக்க மனசு வரவில்லை.

பத்து நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். பத்திரிகை ஆசிரியர் ரமணி மூன்று படங்களையும் மேசையில் பரப்பி, முதல் இரண்டையும் ஓரமாகத் தள்ளினார். மூன்றாவதற்குக் கீழே இருந்ததைச் சத்தமாகவே வாசித்தார்.

“ ‘கூட்டுறவள யாரு பாக்கப் போறான்னு கேப்பாங்க. நான் பாப்பேன்ல? ஒரு நாளைக்கு எத்தன கண்ணாடி தொடைக்கிறேன். ஆனா என் மக காலேஜுக்கு மட்டும் நான் போனதில்ல. அம்மா ஆபீஸ்ல வேலன்னு கூட்டாளிங்ககிட்ட சொல்லி வச்சிருக்கா. பொய் இல்லதானே, ஆபீஸ்லதான் வேல.’ ”

தாளைக் கீழே வைத்தார். “இதுக்காகத்தான் உன்னைக் கூப்பிட்டேன். தெரியாத ஒரு அம்மாவ இப்படிப் பேச வச்சிருக்க பாரு. அந்த மகள மட்டும் நான் பாத்தேன், ஓங்கி ஒன்னு விடுவேன்.”

பிரெண்டா சிரித்தாள். ஆமாம், சிரித்தாள். கூனிக் குறுகிப்போனது உள்ளே. முகம் மட்டும் தன்பாட்டுக்குப் பல்லைக் காட்டியது.

“ஒரு போன் பண்ணிருவோம். எல்லாருக்கும் பண்றதுதான். போன வருஷம் ஒருத்தி அவ சின்னம்மா மூணு பேரையும் எடுத்துட்டு வந்துட்டா” என்று சொல்லிக்கொண்டே ரமணி எண்ணைத் தட்டி, ஸ்பீக்கரில் போட்டார்.

“ஆன்டி, பிரெண்டான்னு ஒரு பொண்ணு உங்கள போட்டோ எடுத்துச்சே, அத முன்னாடியே தெரியுமா?”

அந்தப் பக்கம் வாளி தரையில் உரசும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது.

“தெரியாது மிஸ். ரோட்டுல வந்து கேட்டுச்சு. ரொம்ப மரியாதையான பொண்ணு. அவங்க அம்மா நல்லா வளத்திருக்காங்க. அதுக்கே வேல குடுங்க மிஸ்.”

அப்போதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். அது எங்க அம்மா. மூன்றே சொல், தொண்டைவரை வந்தது. ரமணி சேர்க்கைப் பாரம் ஒன்றை நீட்டி, “திங்கக்கிழம வந்துரு” என்றார். பிரெண்டா பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்து லிஃப்டுக்குள் நின்றபோது அதன் கண்ணாடியைப் பார்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் கேஎல் சென்ட்ரலில் கிள்ளான் ரயிலுக்குக் காத்திருந்தாள். வேலை முடிந்தால் உடுப்பு மாற்றாமல் தெருவில் இறங்காத பிலோமினா, அன்றைக்கு யூனிபோமோடே ஓட்டமும் நடையுமாக வந்தாள். மகளைக் கண்டதும் கிட்டே வரவில்லை. முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டாள். பிறகு இரண்டடி தள்ளி நின்று, தண்டவாளத்தைப் பார்த்தபடியே கேட்டாள்.

“கெடச்சிருச்சா?”

“கெடச்சிருச்சு.”

“நான் சரியா பேசுனேனா?”

பிரெண்டா “ம்” என்றாள். அந்த ஒரு ‘ம்’முக்கு அம்மாவின் முகம் அப்படி மலர்ந்தது. பார்க்கச் சகிக்கவில்லை அவளுக்கு.

ரயில் வந்தது. பிலோமினா குரலை இன்னும் தணித்தாள். “அவங்க ஆபீஸ் ஆளுங்க யாராச்சும் இதுல ஏறுவாங்க. நான் அந்தாண்ட உக்காந்துக்கிறேன், நீ வராத.”

நான்கு வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்தாள். மடியில் பையை வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மகளைத் தெரியாதவள்போலவே இருந்தாள்; ஆனால் சந்தோஷம் தாங்காமல் உதடு அடிக்கடி விரிந்தது. அவள் பக்கத்து இருக்கை காலியாகவே கிடந்தது.

பத்திரிகைக்காரர்கள் யாரும் அந்த ரயிலில் இல்லை. அது பிரெண்டாவுக்கு நன்றாகத் தெரியும். கிள்ளான் வரும்வரை அவள் எழுந்து போகவில்லை.