குடும்பத்தில் எத்தனை பேர்

மாப்பிள்ளைக்கு ஆறு மதிப்பெண். எனக்கு இருபத்து மூன்று. பள்ளிக்கூடமாக இருந்தால் மார்தட்டியிருப்பேன். சிறையில் மதிப்பெண் கூடினால், இவன் வெளியே போய் மறுபடியும் திருடுவான் என்று அர்த்தம். ஆறு வாங்கியவன் வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகிறான். நான் இன்னும் இரண்டு வருடம் கிடக்க வேண்டும்.

இருவரும் ஒரே லாரியில், ஒரே காப்பர் கம்பிச் சுருளோடு பிடிபட்டவர்கள். திட்டம் போட்டதே அவன்தான். என் தங்கையைக் கட்டிய நாளிலிருந்து அவனுக்கு எல்லாமே தானாக மடியில் வந்து விழும். எனக்கு வயிறு எரிந்தது.

"மதிப்பெண் போடுற அந்த அம்மாகிட்ட நீ அப்படி என்னதான் சொன்ன?" என்று கேட்டேன்.

சட்டைகளை மடித்துக்கொண்டே சொன்னான். "குடும்பத்துல யாராவது ஜெயிலுக்குப் போயிருக்காங்களான்னு கேட்டாங்க. இல்லைன்னேன்."

"அப்போ நான் யாரு?"

"விடு மச்சான். நானும் பொண்டாட்டியும்தான் குடும்பம்னு சொல்லிட்டேன். அவங்களுக்கு அப்படிச் சொன்னாத்தான் புரியும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே கேள்விக்கு நான் விரல்விட்டு எண்ணியிருந்தேன். பெரியப்பா மகன், சித்தப்பா, சின்ன அத்தையின் புருஷன், தாய்மாமன் மகன், ஐந்தாவதாக இவன். யாரையும் விட மனம் வரவில்லை. விட்டால் அத்தை முகத்தில் எப்படி முழிப்பது? அந்த அம்மா யார் பெயரையும் கேட்காமல் கம்ப்யூட்டரில் ஐந்து என்று மட்டும் தட்டினார். ஒரே வீட்டில் பதினான்கு பேர் என்றேன், அதற்கும் தட்டினார். படித்தவர், அதிகாரி என்று மரியாதையாகத் தலைகுனிந்தே பதில் சொன்னேன். 'கண்ணைப் பார்த்துப் பேச மறுக்கிறார், வருத்தம் தெரியவில்லை' என்று அதற்கும் மதிப்பெண். அந்தக் கேள்விகளை எழுதியவர் வீட்டில் மொத்தமே மூன்று பேர் இருந்திருப்பார்கள். அவர்களும் ஒருவரோடு ஒருவர் பேசியிருக்க மாட்டார்கள்.

வியாழக்கிழமை மறுபடி மதிப்பிடச் சொல்லி அந்த அம்மாவிடம் போனேன். அவங்கெல்லாம் தூரத்துச் சொந்தம்மா, எடுத்துடுங்க என்று கேட்கத்தான் போனேன், சத்தியமாக. ஆனால் மேசையில் என் கோப்புக்கு மேலே மாப்பிள்ளையின் கோப்பு இருந்தது. அதில் 'விடுதலைக்கு ஏற்றவர்' என்று முத்திரை குத்தியிருந்தது. அதைப் பார்த்ததும் வாயில் வேறு வந்தது.

"அவன் என் தங்கச்சி புருஷன்மா. என்னை அவன் கணக்குல சேக்கவே இல்லையே?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "உண்மையைச் சொன்னீங்க, நல்லது" என்று அவன் கோப்பைப் பிரித்தார். என் கோப்பைத் தொடவே இல்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பையோடு போனவன் பத்தரைக்குப் பையோடு திரும்பி வந்தான். தகவலை மறைத்ததற்கும் தனியாகச் சேர்த்துப் பத்தொன்பது ஆகிவிட்டதாம். யார் சொன்னது என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. பொய் சொல்லக் கூடாது, குளிரத்தான் செய்தது.

பையைக் காலடியில் தள்ளினான். பிறகு என் தோளில் சாய்ந்தான்.

"உன் தங்கச்சி ஏழு மாச வயித்தோட வெளிய நிக்கிறா மச்சான். எட்டு மணிக்கே வந்துட்டாளாம். அவகிட்ட என்னன்னு சொல்லி அனுப்புறது?"