ஊசி எழுதிய கதவு

பசிபிக் தீவொன்றின் பாகோ பாகோ துறைமுகத்தில், மீனை டப்பாவில் அடைக்கும் ஆலைக்குப் பின்னால் குவாக்கின் தகரக் கொட்டகை. கதவில் கப்பல் பெயிண்டால் ஒரே எழுத்து: ஊசிக்கான சீன எழுத்து. மீன்படகுகளில் வந்த கொரியாக்காரர்கள் அதை 'சிம்' என்று படித்தார்கள். தைவான்காரர்களுக்கு அது 'சியாம்', ஜப்பானியர்களுக்கு 'ஹரி'. வாய்தான் வேறு, உடம்பில் எங்கே வலித்தாலும் எல்லோரும் அந்தக் கதவுக்கே வந்தார்கள். உடம்பில் ஊசி குத்தி வலி போக்குவான் குவாக், ஆனால் வைத்தியம் படித்தவனில்லை. நீளக் கயிற்றில் ஆயிரம் தூண்டில் கோத்து வீசும் ஆயிரங்கால் தூண்டில் படகில் சமைத்து, இரண்டு விரல்களை இழந்து கரையேறிய கொரியாக்காரன்.

அன்று காலை தைவான் படகின் மூத்த ஆளான தியாம்ஹோ, வலது அடிவயிற்றைப் பிடித்தபடி வந்தான். இருவருக்கும் பொதுவாக இருந்தது, இரண்டு நாடுகளையும் ஜப்பான் ஆண்டபோது சிறுவயதில் பள்ளியில் அடித்துப் புகட்டிய ஜப்பானிய மொழி.

குவாக் வயிற்றை அழுத்திவிட்டுச் சட்டென்று கையை எடுத்தான். தியாம்ஹோ அலறினான்.

"இது ஊசிக்கு அடங்காதுப்பா. குடல்வால். ஆஸ்பத்திரிக்கு ஓடு."

"அங்க போனா அறுத்துப் படுக்க வச்சிருவான். மத்தியானம் படகு கிளம்புது. என் இடத்துல வேற ஆள ஏத்திட்டுப் போயிருவான் கேப்டன்."

"செத்துட்டா மட்டும் உன் இடம் பத்திரமா இருக்குமா?"

"கதவுல ஊசின்னு எழுதிட்டு ஆஸ்பத்திரிக்கு வழி சொல்றியே, வெக்கமா இல்ல? சமையக்காரன்கிட்ட வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்."

வெளியே வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். குவாக்குக்குச் சுருக்கென்றது. முழங்காலுக்குக் கீழே இரண்டு ஊசிகளை இறக்கித் திருகத் தொடங்கினான்.

அரைமணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தியாம்ஹோ எழுந்து உட்கார்ந்தான்.

"போயிருச்சுண்ணே! சுத்தமா போயிருச்சு!"

குவாக் ஊசிகளை எடுத்துவிட்டு வயிற்றில் கை வைத்தான்.

"என் பொண்டாட்டிகூட இப்படித் தடவினதில்ல," என்றான் தியாம்ஹோ.

வயிறு பலகைபோல் கெட்டியாக இருந்தது. குவாக் வேலைபார்த்த படகில் எஞ்சின்காரன் ஒருவனுக்கும் இப்படித்தான் வலி ஒரேயடியாக நின்றது. குடல்வால் உள்ளே வெடித்திருந்தது. மூன்றாம் நாள் செத்தான்.

தியாம்ஹோ கதவருகே நின்று வரிசையிடம் கத்திக்கொண்டிருந்தான்: "பசிபிக்லயே இப்படி ஒரு கை கெடையாதுடா!" வரிசை மொத்தமும் குவாக்கைப் பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொல்ல வாயெடுத்த குவாக், "தண்ணி நிறைய குடி," என்று மட்டும் சொன்னான்.

மத்தியானம் படகு கிளம்பியது. குவாக் சாயங்காலம்வரை ஊசி குத்தினான்.

நாற்பத்தாறு நாள் கழித்துப் படகு திரும்பியது. சூரை மீனை இறக்கி முடித்த பிறகு, குளிரறையிலிருந்து தார்ப்பாயில் சுற்றிய தியாம்ஹோவை இறக்கினார்கள். கடலுக்குப் போன நான்காம் நாளே செத்திருந்தான். மீன் பிடிபடுகிற நேரமென்று கேப்டன் படகைத் திருப்பவில்லை.

கேப்டன் கொட்டகைக்கு வந்தான். "அவன் ஊட்டுக்குக் கடுதாசி எழுதணும். கடைசியா அவனுக்கு வைத்தியம் பாத்தவன் நீதான். அப்ப வலி இருந்துச்சா?"

"இல்ல," என்றான் குவாக். "சிரிச்சிக்கிட்டேதான் போனான்."

கேப்டன் அதை எழுதிக்கொண்டான்.