கவிழ்த்துப் பார்த்த படகு

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்பார்கள். சுகுணாவுக்குக் குறுக்கே வந்தது தெய்வமில்லை, அருண்குமார். அதுவும் அவனாகவே செல்போனில் கூப்பிட்டான். மஞ்சக்குட்டைக்கு மேலே இருக்கும் தங்கள் எஸ்டேட்டில் ஒரு ஏரி இருக்கிறதாம். ஏழு வயது மகளோடு அதில் பாய்மரப் படகு ஓட்ட ஆசையாம். சேலம் வட்டாரத்தில் பாய்மரம் தெரிந்த ஒரே ஆள் குப்பனூர் சுகுணா மேடம்தான் என்று யாரோ சொன்னார்களாம். வந்து நல்ல படகாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தர முடியுமா என்று கேட்டான். முடியும் என்றாள். அந்த ஏரியை முன்பே தெரியும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

தெரியாமல் என்ன? அந்த எஸ்டேட்டில் கூலியாட்களுக்குக் கட்டிய லைன் வீட்டில்தான் அவள் பிறந்தாள். அப்பா அண்ணாதுரைதான் அந்த ஏரியையும் அதில் கிடந்த ஒரே துடுப்புப் படகையும் பார்த்துக்கொண்டவர். முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் ஒரு மே மாதம், முதலாளி மகன் அருண்குமார், பத்து வயசு, யாரையும் கேட்காமல் படகை எடுத்துக்கொண்டு போய் நடு ஏரியில் கவிழ்த்துக்கொண்டான். கரையில் களை வெட்டிக்கொண்டிருந்த அண்ணாதுரை போட்ட சட்டையோடு குதித்து அவனை இழுத்துக்கொண்டு வந்தார். குடித்த தண்ணீரையெல்லாம் கக்கி முடித்ததும் பையன் எதிரே நின்ற தன் அப்பாவைப் பார்த்தான், அவர் இடுப்புப் பெல்ட்டைப் பார்த்தான், ஒரே ஒரு வாக்கியம் சொன்னான்.

"அண்ணாதுரைதான் ஏறச் சொன்னான்."

அன்று சாயங்காலமே லைன் வீட்டுச் சட்டிபானைகள் மழையில் நனைந்துகொண்டு வெளியே கிடந்தன. அப்புறம் எந்த எஸ்டேட்டுக்கு வேலை கேட்டுப் போனாலும், முதலாளி பிள்ளையைத் தண்ணியில் தள்ளப் பார்த்த ஆள்தானே என்று கேட்டார்கள். உயிரைக் காப்பாற்றினவருக்குக் கொலைகாரன் என்று பெயர். மூன்று வருடம் குப்பனூரில் மூட்டை தூக்கினார், நெஞ்சு வலிக்கிறது என்று ஒருநாள் படுத்தார், எழுந்திருக்கவில்லை. அம்மா அம்மணி மகளைக் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போய், பாய்மரப் படகு கிளப் ஒன்றில் சமையல் வேலைக்குச் சேர்ந்தாள். சுகுணா படகு கழுவி, பாய் தைத்து, ஓட்டக் கற்று, பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிற ஆளாகவே ஆகிவிட்டாள். அம்மாவும் போய்ச்சேர்ந்த பிறகு குப்பனூருக்கே திரும்பி வந்து ஒரு கொட்டகை போட்டுக்கொண்டாள். ஊரும் தொழிலும் மாறின, கோபம் மாறவில்லை.

அவளுக்கு வேண்டியது காசுமில்லை, மன்னிப்புமில்லை. அந்த வாக்கியத்தை அதே வாய், அதே ஏரியில், நாலு பேர் காதுபட வாபஸ் வாங்க வேண்டும்.

ஏரிக்கரைக் கொட்டகையில் இரண்டு படகுகள் இருந்தன. சென்னை வியாபாரி பார்த்து எடுத்துக்கொள்ளச் சொல்லி லாரியில் அனுப்பியிருந்தான். ஒன்று சிவப்பு. ஒல்லியாக, நீளமாக, பெரிய பாயோடு, பார்த்தவுடன் ஏறத் தோன்றும். மற்றது வெள்ளை. அகலமான வயிறு, உயரமான விளிம்பு, சின்னப் பாய். அருண்குமாருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. மூக்கும் முழியுமாக எதிரே நின்றாலும் லைன் வீட்டுப் பிள்ளையை அவன் என்றைக்குப் பார்த்தான்? மனத்துக்குள் சிவப்பை ஏற்கெனவே வாங்கிவிட்டான். அவள் தலையை ஆட்டினால் போதும்.

ஆட்டிவிடலாம் என்றுதான் மலையேறும்போதெல்லாம் நினைத்தாள். அந்த ஏரியில் காற்று ஒழுங்காக வராது. சவுக்கு மரங்களுக்குப் பின்னால் பதுங்கியிருந்து திடீரென்று மேலே விழும். சிவப்புப் படகு முதல் காற்றிலேயே அவனைத் தூக்கித் தண்ணீரில் எறியும். நினைக்க நினைக்க இனித்தது.

அதற்குள் அந்தக் குட்டி வந்தது. கவிப்பிரியா. முன்பல் இரண்டும் விழுந்த வாய். கேட்காமலே சிவப்புப் படகில் ஏறி உட்கார்ந்து, இது எங்க படகா ஆன்ட்டி என்றாள். சுகுணா பாயின் அடியில் ஓடும் கட்டையைப் பிடித்து மெதுவாகத் திருப்பினாள். காற்று மாறும்போது அந்தக் கட்டை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வீசும். அது நேராகப் பிள்ளையின் நெற்றிப்பொட்டுக்கு வந்து நின்றது.

சுகுணாவுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. தொழில் தெரிந்தவளுக்குப் பழி வாங்கக்கூட வசதிப்படுகிறதா பாருங்கள்.

"இது ஆகாதுங்க சார். வெள்ளையை எடுங்க" என்றாள். கட்டை பிள்ளையின் தலைக்கு மேலேயே போய்விடும், இரண்டு பேர் ஒரே பக்கம் சாய்ந்தாலும் தாங்கும், காற்று கூடினால் பாயைப் பாதியாகச் சுருக்கலாம், கவிழ்ந்தாலும் ஒரு ஆளே நிமிர்த்திவிடலாம் என்று எல்லாவற்றையும் உள்ளபடியே சொன்னாள். பார்க்கக் கட்டில் மாதிரி இருக்கிறதே என்று அவன் முகத்தைச் சுளித்தான். ஆனால் "கவிழ்ந்தாலும்" என்ற சொல் காதில் விழுந்ததும் அவன் கண் ஏரிப் பக்கம் போய் நின்றுவிட்டது.

அதை அவள் பார்த்துவிட்டாள். தண்ணீர் பயம் இன்னும் போகவில்லை அவனுக்கு. உப்பைத் தின்றவன் தண்ணி குடித்துத்தானே ஆக வேண்டும்?

"எந்தப் படகா இருந்தாலும் மொத நாள் நாமளே கவுத்துப் பார்க்கோணுங்க. எங்க தொழில்ல அதுதான் மொதப் பாடம். அது முடியாம புள்ளைய ஏத்த மாட்டனுங்க" என்றாள். சும்மா சொன்னதல்ல, கிளப்பில் முதலமைச்சர் வீட்டுப் பிள்ளை வந்தாலும் அதுதான் வழக்கம். அவன் வாயைத் திறப்பதற்குள் மகள் கைதட்டிவிட்டாள். மகள் முன்னால் மாட்டேன் என்று சொல்ல எந்த அப்பனுக்கு நாக்கு எழும்?

ஞாயிற்றுக்கிழமை காலை, லீவு நாளென்று காப்பித் தோட்டத்து ஆட்கள் முப்பது பேர் கரையில் கூடிவிட்டார்கள். அந்தக் காலத்தில் அண்ணாதுரையோடு வேலை பார்த்த கண்ணாயியும் இருந்தாள். முதலில் சுகுணாவும் கவிப்பிரியாவும் கரையோரமாகக் கவிழ்த்தார்கள். பிள்ளை மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுந்து, லைஃப் ஜாக்கெட்டில் கார்க் மாதிரி மேலே வந்து, இன்னொரு தடவை என்றது. பிறகு அவளுக்குத் துண்டைப் போர்த்தித் துடுப்புப் படகில் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, சுகுணா அருண்குமாரை நடு ஏரிக்கு அனுப்பிப் பின்னாலேயே போனாள். ஓரமாகச் சாயச் சொன்னாள். சாய்ந்தான். வெள்ளைப் படகு ஆனமட்டும் தாங்கிப் பார்த்துவிட்டுக் கவிழ்ந்தது.

லைஃப் ஜாக்கெட் போட்டவன் மூழ்க மாட்டான். அது பயத்துக்குத் தெரியாது. படகை நிமிர்த்தக் கரையில் சுகுணா சொல்லிக்கொடுத்ததெல்லாம் மறந்து, அடிப்பலகையைக் கட்டிக்கொண்டு, துடுப்பை நீட்டச் சொல்லிக் கத்தினான். சுகுணா துடுப்பை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீட்டறனுங்க. இதே தண்ணியில உங்களைத் தூக்குனாரே அண்ணாதுரை, நான் அவரு புள்ளைங்க. அன்னிக்கு உங்களைப் படகுல ஏறச் சொன்னது யாருங்க?"

அவன் அவளைப் பார்த்தான். அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தான்.

"யாரும் சொல்லலை" என்றான்.

"கரையில இருக்கறவங்களுக்குக் கேக்கலைங்க."

"யாரும் சொல்லலை. நானேதான் எடுத்தேன்." குரல் உடைந்து ஏரி முழுக்கக் கேட்டது. "அவரு என்னைக் காப்பாத்துனாரு. அப்பா அடிப்பாருன்னு பொய் சொல்லிட்டேன்."

கரையில் கண்ணாயி அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள். சுகுணாவுக்கு வயிறு குளிர்ந்தது. சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம், அதை எதற்கு மறைக்க வேண்டும்? இன்னும் ஐந்து நிமிடம் அவன் அங்கேயே கிடந்தாலும் அவளுக்குச் சம்மதம்தான்.

"அப்பா" என்றாள் கவிப்பிரியா. "அந்தத் தாத்தாகிட்ட அப்புறமா சாரி சொன்னீங்களா?"

அவன் முகத்தை அடிப்பலகைப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"சொல்லலையா?"

போதும் என்று சுகுணாவுக்குத் தோன்றியது. அவள் கேட்டது இந்தப் பிள்ளையின் காதில் விழுவதற்காக இல்லை. துடுப்பை எடுத்து அவன் பக்கம் நீட்டினாள். அது பாதி தூரம் போவதற்குள் இரண்டு சின்னக் கைகள் நடுவில் பிடித்து நிறுத்தின.

"உடு கண்ணு. அந்தத் தாத்தா செத்துப் போயிட்டாரு. இனி யாருகிட்டச் சொல்றது?"

பிள்ளை தண்ணீரில் கிடந்த அப்பாவை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தது.

"அப்ப அவரைத் தூக்காதீங்க ஆன்ட்டி" என்றது.

துடுப்பை அந்தப் பிடியிலிருந்து விடுவிக்க சுகுணாவுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.